தட்டைத் தலை அச்சு

எழுபதுகளின் கடைசியில் மதுரைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவர்களுக்கு ஊசல் கட்டிக் கொடுப்பது, தராசு சரிபார்ப்பது, உடைந்த கண்ணாடிக் குழாய்களுக்குக் கணக்கு எழுதுவது எல்லாம் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேறு ஆளாகிவிடுவேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் அடியில் இருந்த துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போவேன். என்னை அந்தப் பழக்கத்துக்கு இழுத்துவிட்டவர் என் மனைவியின் அண்ணன். என் மச்சான்.

மச்சானுக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். நிலம் நீச்சு உள்ள குடும்பம். கடலைக் காட்டில் பன்றி இறங்காமல் இருக்க அவருடைய அப்பா ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதில் தொடங்கிய கை. பிறகு மதுரைக்கு வந்து லாரிப் பட்டறை ஒன்றில் ஃபோர்மேன் ஆனார். வில்லாபுரத்தில் வாடகைக்கு வீடு. பின்னால் பெரிய கொல்லை, அதற்குப் பின்னால் அவனியாபுரம் வரைக்கும் வயல். அவர் சங்கத்தில் கைத்துப்பாக்கிதான் சுடுவார். ஒற்றைக் கையை நீட்டி நின்றாரென்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை ஒரே மரத்தில் செதுக்கியது போல இருக்கும். சங்கத்தின் செயலாளர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் லேசில் புகழாதவர். அவரே ஒருநாள் என்னிடம், "தம்பி, உங்க மச்சான் கையில தம்ளர் நிறையத் தண்ணி வச்சாலும் அலம்பாது" என்றார்.

எங்களுக்கு இருந்த ஒரே குறை தோட்டா. சங்கத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு வரும். அது போட்டிக்கே காணாது. பயிற்சிக்கு ஆளுக்கு ஆறோ பன்னிரண்டோ கிடைத்தால் பெரிது. மச்சான் ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு நிமிஷம் நின்று சுடுவார். "பசிச்சவன் மிச்சர் தின்ன மாதிரி இருக்கு மாப்ள" என்பார்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு மிஞ்சும். அதில் மறுபடி வெடிமருந்து நிரப்பி, புதிதாக ஒரு ஈயக் குண்டைச் சொருகினால் பயிற்சிக்குப் போதும். செயலாளர் ஒன்றரை வருஷம் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து அதற்கு அனுமதி வாங்கினார். மருந்து அவருடைய இரும்பு அலமாரியில் இருக்கும். நிரப்புவது சங்கத்து அறையில், அவர் கண்முன்னால்தான். வெறும் ஈயக் குண்டை வார்ப்பதை மட்டும் யாராவது வீட்டில் செய்துகொள்ளலாம் என்றார். கொல்லை இருந்தது மச்சானுக்கு. அடுப்பு, சட்டி, கரண்டி எல்லாவற்றுக்கும் பட்டறை ஆள் அவர். அதனால் அந்த வேலை இயல்பாக அவரிடம் போனது. அச்சைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது, நான் படித்தவன் என்பதால்.

சங்கத்து உறுப்பினர் ஒருவரின் தம்பி பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வருவதாக இருந்தார். அவர் ஒரே ஒரு அச்சு வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். செயலாளர் அட்டை கிழிந்த வெளிநாட்டு விலைப்பட்டியல் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்து, "ஒண்ணுதான். அது தப்பாப் போனா அடுத்தது எப்பன்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மூன்று வாரம் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! அச்சு என்பது கொறடு மாதிரிதான். இரண்டு கைப்பிடி, முனையில் இரண்டு உலோகக் கட்டி. மூடினால் உள்ளே குண்டின் வடிவத்தில் குழி. மேலே ஒரு தகட்டில் ஓட்டை. அதன் வழியாக உருகிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் தகட்டைத் தட்டித் திருப்பிப் பிரித்தால் குண்டு விழும். இவ்வளவு எளிய சாமானில் அத்தனை வகை. ஒரு குழி, இரண்டு குழி, நாலு குழி. அலுமினியக் கட்டி, இரும்புக் கட்டி. உருண்டைத் தலை, கூர்த்தலை, தட்டைத் தலை. பக்கத்தில் மெழுகு பிடிக்க ஒரு பள்ளமா, மூன்று பள்ளமா. நான் கிராஃப் தாளில் ஒவ்வொன்றையும் பெரிதாக வரைந்து, நீளம் அகலம் குறித்து, கட்டம் போட்டு ஒப்பிட்டேன். அந்த மூன்று வாரம் எனக்கு ரொம்பச் சந்தோஷமான காலம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மச்சானுக்கு உருண்டைத் தலைதான் பிடித்தது. ஒரு சாயங்காலம் அவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசினோம். அவர் மனைவி, எனக்குத் தங்கை முறை, கடலை அவித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"மாப்ள, உருண்டையா இருந்தா ஈயம் தானா வழுக்கி எறங்கும். எந்த ஈயமா இருந்தாலும் வாங்கிக்கிரும். கூட்டுல சொருகவும் லேசு. தட்டையா, ஓரம் கூரா இருக்கிறதுல ஈயம் மூலைக்குப் போகாது. பட்டறையில எம்புட்டு வார்ப்பு பாத்திருக்கேன்."

"மச்சான், நாம சுடுற அட்டையில விழுற ஓட்டையப் பாருங்க. உருண்டை கிழிச்சுக்கிட்டுப் போகுது. மார்க் கோட்டத் தொட்டுச்சா இல்லையான்னு வாரா வாரம் சண்டை. தட்டைத் தலைன்னா ஆபீசுல பேப்பருக்கு ஓட்டை போடுவாங்களே, அது மாதிரி வெட்டிக்கிட்டுப் போகும். சண்டையே இல்ல."

நான் கல்லூரியிலிருந்து ஓட்டை போடும் கருவியைக் கொண்டுபோயிருந்தேன். பழைய காலண்டர் அட்டையில் அதனால் ஒரு ஓட்டை போட்டு, பக்கத்தில் பென்சிலால் குத்தி ஒரு ஓட்டை போட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிரித்தார்.

"படிச்ச மாப்ளகிட்ட வாயக் குடுக்க முடியுமா? சரி, தட்டையே இருக்கட்டும்."

எண்ணிக்கைக்காக நாலு குழி வேண்டும் என்றார் செயலாளர். இரும்பு நீடித்து உழைக்கும் என்றேன் நான். இரும்புக் கட்டி, நாலு குழி, தட்டைத் தலை. அப்படித்தான் முடிவானது.

நாலு மாதம் கழித்து அது வந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றி, கைக்கு அடங்காத கனத்தோடு. கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சாய்ப்புக்குக் கீழே மச்சான் அடுப்புக் கூட்டினார். முதல் ஞாயிறு சாமி கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கரி அடுப்பை ஊதி, பிளம்பரிடம் வாங்கிய பழைய ஈயக் குழாய்த் துண்டுகளைச் சட்டியில் போட்டார். நான் வயல் காற்று வரும் பக்கமாக நாற்காலி போட்டு, கல்லூரியில் கழித்துப்போட்ட தராசை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்தேன். புகை எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அடுப்படிப் புகை பட்டால் இருமல் வரும்.

மச்சான் சொன்னதுதான் நடந்தது. ஈயம் மூலைக்குப் போகவில்லை. விழுந்த குண்டுகள் எல்லாம் ஓரம் மழுங்கி, மேலெல்லாம் சுருக்கம் விழுந்து, கிழவன் கன்னம் மாதிரி இருந்தன. அச்சை இன்னும் சூடாக்கிப் பார்த்தார். ஈயத்தை இன்னும் காய்ச்சிப் பார்த்தார். பத்துக்கு இரண்டு தேறியது. எட்டை நான் ஒதுக்க, அவர் சட்டிக்கே திருப்பிப் போட்டார்.

அச்சகத்தில் பழைய எழுத்துகளை எடைக்குப் போடுவார்கள், அந்த ஈயத்தில் வேறு உலோகம் கலந்திருப்பதால் மூலைமுடுக்கெல்லாம் ஓடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். வாங்கிப் பார்த்தோம். அருமையாக வந்தது. தட்டைத் தலையின் விளிம்பு நகத்தைக் கீறும் அளவுக்குக் கூர். ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அச்சகக்காரர்கள் அதை அவர்களே திரும்ப உருக்கிக்கொள்வார்கள்.

"பேட்டரித் தகடு கெட்டியா இருக்கும்ல மாப்ள?" என்று மச்சான் கேட்டார். "பட்டறையில மலை மாதிரி கெடக்கு. லாரிக்காரங்க கழட்டிப் போட்டுட்டுப் போறாங்க."

அந்த ஈயத்திலும் அதே மாதிரி கலவை உண்டு என்று நான்தான் சொன்னேன். அது உண்மைதான். இயற்பியல்படி அதில் தவறே இல்லை.

மறுவாரம் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். கருப்புப் பெட்டிகளை உடைத்து, தகடுகளைத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கட்டையால் அடித்து நொறுக்குவார். சாம்பல் நிறத்திலும் செங்கல் நிறத்திலும் தூள் பறக்கும். சட்டியில் போட்டால் பாதிக்கு மேல் உருகாது. கசடாக மிதக்கும். அதைக் கிளறி, வழித்து, கொல்லை மூலையில் கொட்டுவார். தொண்டையைக் காந்தும் ஒரு புளிப்பு நெடி. நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க இது, ஒடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டாள்.

"ஈயந்தானே புள்ள. ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிக்கிறாங்க. நல்லதுதான்" என்றார் மச்சான்.

நான் சிரித்தேன். ரசம் வைக்கும் ஈயம் வெள்ளீயம். இது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். ஒன்றில் சமைக்கலாம், மற்றது நஞ்சு. ஆய்வுக்கூடத்தில் காரீய உப்பு இருக்கும் சீசாவில் நானே சிவப்பு மையால் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். அது அந்த நேரம் என் மனதுக்கு வந்ததா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். வந்தது. வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் வேலை நின்றுபோகும். நாலைந்து பேர் சேர்ந்து வருஷக்கணக்கில் காத்திருந்த வேலை. தவிர, சட்டியில் ஈயக் குழம்பு அப்போதுதான் பதத்துக்கு வந்திருந்தது. திறந்த வெளி, காற்று அடிக்கிறது, வாரத்துக்கு ஒருநாள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தராசைப் பார்த்தேன்.

அது வாரத்துக்கு ஒருநாளாக இருக்கவில்லை. தோட்டா கிடைக்கிறது என்றதும் சங்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். மச்சான் பட்டறை விட்டு வந்ததும் சாயங்காலம் அடுப்பை மூட்டிவிடுவார். சட்டை கழற்றாமல், பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, வலது கையில் அச்சு, இடது கையில் கரண்டி. இடையில் அதே கையால் முறுக்கு எடுத்துத் தின்பார். ஞாயிறு நான் போகும்போது டப்பா டப்பாவாகக் குண்டுகள் காத்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து நிறுத்து, லென்ஸ் வைத்து விளிம்பைப் பார்த்து, கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். பாதிக்குப் பாதி போய்விடும்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி குத்தம் சொல்றீக" என்று சொல்லிக்கொண்டே, ஒதுக்கியதை எல்லாம் மறுபடி சட்டியில் போட்டு உருக்குவார்.

அந்தத் தட்டைத் தலைத் தோட்டாக்களால் அந்த வருஷம் அவர் சுட்டதுதான் நான் பார்த்ததிலேயே சிறந்தது. அட்டையின் நடுவில் ஐந்து ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பூ மாதிரி இருக்கும். செயலாளர் அட்டையைக் கழற்றி எங்கள் எல்லோருக்கும் காட்டுவார். மாநிலப் போட்டிக்கான தேர்வில் மச்சான் கட்டாயம் வந்துவிடுவார் என்று பேசிக்கொண்டோம். மழுங்காத விளிம்பு, சண்டையில்லாத ஓட்டை. என் அச்சு.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். மச்சானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வாயெல்லாம் காசை நக்குன மாதிரி இருக்கு" என்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவார். நாலு நாள், ஐந்து நாள் வெளிக்குப் போகாது. விளக்கெண்ணெய் குடித்தார். ஓமத் தண்ணீர் குடித்தார். குடல் ஏறிவிட்டது என்று சொல்லி ஒருவர் வயிற்றில் எண்ணெய் தேய்த்து வழித்துவிட்டார். தெருமுனை டாக்டர் அல்சர் என்று வெள்ளை மருந்து எழுதிக் கொடுத்தார். முகம் வெளுத்து, பழுப்பேறிய காகிதம் மாதிரி ஆனது. எப்போதும் சிரித்துப் பேசுகிற மனிதர் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். பட்டறையில் வேலை அதிகம், அதனால்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அடுப்பு மட்டும் அணையவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சிக்கு, மச்சானின் மனைவிக்கு, கரு கலைந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான கரு. ஐந்தாம் மாதம். காலையில் மச்சானின் வேலை உடுப்பை ஊறவைத்துக் கும்மிக்கொண்டிருந்தவள் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் சாய்ந்துவிட்டாளாம். என் மனைவி பத்து நாள் வில்லாபுரத்திலேயே இருந்தாள். திரும்பி வந்து, "அண்ணி சுவத்தப் பாத்துப் படுத்தே கெடக்காங்க. பேச மாட்டேங்கிறாங்க" என்று அழுதாள். கண்திருஷ்டி என்றார்கள். கனமான குடத்தைத் தூக்கினாள் என்றார்கள். நானும் கேட்டுத் தலையாட்டினேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மச்சான் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார், "கை அசந்துபோகுது மாப்ள. இந்த இரும்பு அச்சப் புடிச்சுப் புடிச்சு அப்படியே தளந்துபோச்சு."

"கொஞ்சம் ஓய்வு குடுங்க மச்சான். தைலம் தேயுங்க" என்றேன்.

தேர்வு எங்கள் குவாரியிலேயே நடந்தது. வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். மாசி மாத வெயில், காற்றில்லை. மச்சான் முதல் ஐந்தைச் சுட்டார். மோசமில்லை. இரண்டாவது சுற்றுக்குக் கையை நீட்டினார். கை நேராகத்தான் போனது. தோள் நேராக இருந்தது, முழங்கை நேராக இருந்தது. மணிக்கட்டு மட்டும் மடங்கித் துப்பாக்கியின் வாய் மெதுவாகத் தரையைப் பார்த்தது. அவர் நிமிர்த்தினார். மறுபடி மடங்கியது. இடது கையால் பிடித்து நிமிர்த்தி வைத்துவிட்டு இடது கையை எடுத்தார். தண்ணீர் காணாத கீரைத் தண்டு மாதிரி அது மறுபடி தொங்கியது.

அப்போதும் அவர் ஒழுங்கு தவறவில்லை. தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் திறந்த நிலையில் மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் கீழே தொங்கின.

"மாப்ள, இங்க பாருங்க. இது என் கை மாதிரியே இல்ல."

யாரோ கைதட்டிச் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை என்று நினைத்து. செயலாளர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கியது.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நரம்பு, எலும்பு, சர்க்கரை என்று மூன்று நாள் மூன்று இடத்துக்கு அனுப்பினார்கள். நாலாவது நாள் ஒரு இளம் டாக்டர். அவர் கையைப் பார்க்கவே இல்லை. மச்சானின் கீழ் உதட்டை இழுத்துப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி ஈறைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டது மாதிரி ஒரு நீலக் கறுப்பு வரி.

"என்ன தொழில் செய்றீங்க? பெயின்டரா? பேட்டரி கம்பெனியா? அச்சாபீசுல எழுத்துக் கோக்கிறீங்களா?"

"லாரிப் பட்டறைங்க" என்றார் மச்சான்.

"ஈயம் உருக்குறதுண்டா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். தகடு உடைப்பது, அலசுவது, கசடு வழிப்பது, எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை நாள், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "நீங்க என்ன பண்றீங்க?" என்றார்.

கல்லூரியில் என்ன வேலை என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி எழுதத் தொடங்கினார்.

பிறகு மச்சானிடம் கேட்டார், "வீட்ல கொழந்தைங்க இருக்காங்களா?"

"இல்லைங்க. இப்பத்தான் ஒண்ணு தங்காமப் போச்சு."

டாக்டர் தலையைத் தூக்கினார். எப்போது, எத்தனையாவது மாதம், துணியை யார் துவைப்பது என்று கேட்டார். அதனால்தான் என்று அவர் சொல்லவில்லை. இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சொன்ன விதத்தில் மச்சானுக்குப் புரிந்துவிட்டது. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் நல்லாயிருந்த இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிராதீங்க மாப்ள. என் தங்கச்சிகிட்டயும் சொல்ல வேணாம். நம்மளோட போகட்டும்."

சரி என்றேன். அவர் என்னைக் குறை சொல்லியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதும் இல்லை, பிறகும் இல்லை.

மெட்ராஸிலிருந்து ஊசி மருந்து வரவழைத்துப் போட்டார்கள். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்று வலி நின்றது. நிறம் கொஞ்சம் திரும்பியது. கைக்கு மரச் சிம்பு கட்டி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் நானும் பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் கொல்லையில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை வெட்டி, கசடோடு சேர்த்துச் சாக்கில் கட்டி எடுத்தோம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்தேன். அந்த ஒன்றேகால் வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அந்தச் சாய்ப்புக்குள் நுழைந்தேன்.

வீட்டில் என் மனைவிக்கு விஷயத்தில் பாதி தெரிந்தது. கருவைப் பற்றிய பாதியை நான் சொல்லவில்லை. அண்ணனின் கை ஈயத்தால் போனது என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நீங்க ஒரு நாளாச்சும் அந்த அடுப்புகிட்ட ஒக்காந்தீங்களா?"

"எனக்குப் புகை ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்ல."

"தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவள் கேட்கவே இல்லை. ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

சங்கத்துக்குப் போய்ச் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வார்ப்பு வேலையை அன்றோடு நிறுத்தினார். அச்சை மருந்து இருந்த அதே அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆனால் இரண்டு வருஷத்தில் அவருக்கும் உடம்பு முடியாமல் பதவியை விட்டார். அடுத்து வந்தவர்கள் அச்சை வெளியூர்ச் சங்கம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறி அங்கே போனேன். அங்கே வார்க்கிற ஆள் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் பேட்டரித் தகடுகள். எல்லாவற்றையும் சொன்னேன். மச்சானின் கையைப் பற்றிச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, நான் மூணு வருஷமா உருக்குறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே. ஒடம்பு வாகுண்ணே எல்லாம்" என்றார். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு துப்பாக்கியை நான் தொடவில்லை.

மச்சானின் கை முக்கால்வாசி திரும்பியது. ஸ்பேனர் பிடிக்கலாம், முறுக்க முடியாது. பட்டறையில் வேறு வேலை போட்டுக் கொடுத்தார்கள். தன் கீழே இருந்தவர்கள் தனக்காக நட்டு முறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. வில்லாபுரம் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கொட்டாம்பட்டிக்கே போய் விவசாயம் பார்த்தார். அவர்களுக்கு அதன் பிறகு குழந்தை இல்லை. இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. அதற்கு என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

நல்லது கெட்டதுக்குப் போவோம். மச்சான் பழைய மாதிரிதான் "வாங்க மாப்ள" என்பார். ஆனால் எனக்கு அவர் முன்னால் உட்கார்ந்தால் பேச்சு வராது. எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருஷம், மாமனார் திவசத்துக்குப் போயிருந்தோம். மத்தியானம் மச்சான் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தார். என் மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சி கொட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மா போய் நின்றேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள், திரும்பாமலே.

"சொல்லும்மா."

"அந்தப் புள்ள எதனால போச்சுன்னு எனக்குத் தெரியும். அவரு ஆஸ்பத்திரியில இருக்கையில, அந்த டாக்டரு என்னையத் தனியாக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தாரு. ஒங்க துணிமணிய வேற ஆளு தொவைக்கட்டும், கொஞ்ச வருஷத்துக்குப் புள்ள வேணாம்னு சொன்னாரு. நான் கேட்டேன். டாக்டரு மறைக்கல."

மாடு வாளியில் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒங்க மச்சானுக்கு இது எனக்குத் தெரியும்னு தெரியாதுண்ணே. எனக்குத் தெரியக்கூடாதுன்னு இத்தன வருஷமாப் பொத்திப் பொத்தி வச்சிருக்காரு. ராத்திரியில எந்திரிச்சு ஒக்காந்திருப்பாரு. நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன். தெரியும்னு சொன்னா அவரு தாங்க மாட்டாரு. நீங்களும் சொல்லிராதீக."

"தங்கச்சி," என்றேன். "எனக்கு அது நஞ்சுன்னு மொதல்லயே தெரியும். படிச்சிருக்கேன். சொல்லாம இருந்துட்டேன்."

எத்தனையோ வருஷமாக யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்ததை அவளிடம், அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் அப்போதுதான் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மாட்டின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அதயும் அவருகிட்ட சொல்லிராதீக," என்றாள். "ஒங்க மேல அவருக்கு அம்புட்டு மரியாத."

மாட்டை ஓட்டிக்கொண்டு வேலிப்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் மச்சான் மோட்டார் அறையிலிருந்து வந்தார். தண்ணீர் எட்டவில்லை, இன்னும் பத்தடி இறக்க வேண்டும் என்றார். ஆமாம், இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றேன். சாயங்கால பஸ்ஸுக்கு நாங்கள் கிளம்பினோம்.